கோழி பழகும் வரை

ஜூன் 11, புதன்

மருமகள் தவமணி இன்று மாலை ஆட்டோவில் பத்துக் கோழிகளுடன் வந்து இறங்கினாள். இரண்டு பிளாஸ்டிக் கூடை, கூடைக்கு ஐந்து. அவள் வேலை பார்க்கும் முட்டைப் பண்ணையில் ஒன்றரை வயது தாண்டிய கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். முதலாளியிடம் கேட்டுப் பத்தை மட்டும் இறக்கிக்கொண்டாளாம். எல்லாம் வெள்ளை. வெள்ளை என்று சொல்வதற்கும் இறகு வேண்டுமே. பாதிக் கோழிக்குக் கழுத்தில் ஒன்றுமே இல்லை. கொண்டை வெளுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

"எதுக்கு அம்மிணி இதெல்லாம்?" என்றேன்.

"பகல்ல உங்களுக்குப் பொழுது போகுமுங்க மாமா."

எனக்குப் பொழுது போகவில்லை என்று யாரிடம் புகார் கொடுத்தேன்? முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது.

கோழிக்கு என்ன போட்டோம், எப்போது போட்டோம் என்று எழுதி வைக்க வேண்டுமாம். பண்ணையில் அப்படித்தானாம். ஓய்வு பெற்றோர் சங்கத்தில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டாள். எழுதுகிறேன்.

ஜூன் 12, வியாழன்

காலை எட்டு மணிக்குத் தவமணி வேலைக்குப் போனாள். இனி ஆறு மணிக்குத்தான் வருவாள். அதுவரை இந்தப் பத்தும் என் பொறுப்பு.

கம்பு இரண்டு கை இறைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோளம் போட்டேன். அதற்கும் அதே மரியாதைதான். அகலமான தட்டில் தண்ணீர் நிறைத்து வைத்தேன், ஒன்று அதில் காலை வைத்துக்கொண்டு நின்றது. பத்தும் பின்கட்டுச் சுவர் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இவ்வளவு இடம் இருக்கிறது, போய் நட என்றால் நடக்கத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் கோழி தானாகக் கூட்டுக்குள் போகும் என்று நினைத்திருந்தேன். இவை இருட்டு எங்கே வந்து பிடிக்கிறதோ அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. பண்ணையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம். ஒவ்வொன்றாகக் குனிந்து தூக்கிக் கூட்டுக்குள் விட்டேன். பத்துத் தடவை குனிந்தேன். இடுப்பு போய்விட்டது.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் தின்னவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 14, சனி

காலையில் கூட்டைத் திறந்தால் ஒன்று படுத்தபடி கிடந்தது. தூக்கினால் கழுத்து தொங்கியது. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன்.

தவமணிக்குப் போன் செய்தேன். அவள் முட்டைகளைத் தரம் பிரிக்கும் அறையில் இருப்பவள். கோழியை அவளும் கிட்டத்தில் பார்த்ததில்லை. தீவனம் போடும் ஆளிடம் கேட்டுவிட்டு அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தாள். கையில் ஒரு முழ நீளப் பைப். அதில் வரிசையாகச் சிவப்புக் குமிழ்கள்.

"அதுகளுக்குத் தட்டுல தண்ணி இருந்தா அது தண்ணின்னே தெரியாதாமுங்க மாமா. பொறந்ததுல இருந்து இந்தச் செவப்பைக் கொத்திக் கொத்தித்தான் குடிச்சிருக்குது. தண்ணி இறங்காம தீனி எப்படி இறங்கும்?"

பழைய கேனில் ஓட்டை போட்டுப் பைப்பை மாட்டி, கோழியின் தலைக்கு மேலே இருக்கும்படி கட்டித் தொங்கவிட்டேன். ஒன்று வந்து அண்ணாந்து கொத்தியது. டிக். ஒரு சொட்டு. டிக், டிக். பிறகு ஒன்பதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து விழுந்தன. அரை மணி நேரம் டிக் டிக் என்று சத்தம்.

தட்டு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, தின்னாத திமிரைப் பார் என்று மூன்று நாளாகத் திட்டியிருக்கிறேன். மனசு சரியில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்திருந்தார். தவமணியின் அம்மா. பெருந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவருக்கு மோர் கொடுத்துவிட்டு நான் பின்கட்டில் கோழிகளோடு உட்கார்ந்துகொண்டேன். வீடு சின்னது. பேசுவது கேட்கத்தான் செய்யும்.

என் மகன் மோகன்குமார் போய்ச் சேர்ந்து இந்தக் கார்த்திகையோடு இரண்டு வருடம். தவமணிக்கு வயது முப்பத்திரண்டு. அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறதாம். பேர் தண்டபாணி, மில்லில் மெக்கானிக், மனைவி இறந்துவிட்டாள், ஆறு வயதில் பெண் குழந்தை. நல்ல குணமாம். அவர்கள் இவளைப் போட்டோவில் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லிவிட்டார்களாம்.

"நீ என்ன சொல்றே?" என்று அந்தம்மா கேட்டார்.

"கோழி வந்து நாலு நாள்தானம்மா ஆச்சு. அதுக பழகட்டும். பழகுன உடனே நானே போன் பண்றேன்."

"கோழிக்காவ எவளாச்சும் கல்யாணத்தத் தள்ளி வெப்பாளா? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?"

"பழகட்டும்மா."

போகும்போது சம்பந்தியம்மா என்னிடம் வந்தார். "அண்ணா, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க." நான் சரிங்க, சரிங்க என்றேன். அவளுக்கு ஒரு வாழ்க்கை அமைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். நான் என்ன சின்னக் குழந்தையா, தனியாக இருக்க முடியாமல் போக?

ஜூன் 18, புதன்

தீனி விஷயமும் புரிந்தது. பண்ணையில் குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியை வெட்டிவிடுகிறார்கள், ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க. மொண்ணை அலகை வைத்துக்கொண்டு தரையில் கிடக்கும் ஒற்றைக் கம்பை எப்படிப் பொறுக்கும்? மாவுத் தீவனத்தைத் தண்ணீரில் பிசைந்து, ஆழமான தொட்டியில் குவித்து வைத்தால் தின்கின்றன. நின்ற இடத்தில் தொட்டி மூக்குக்கு நேரே வர வேண்டும். நடந்து போய்த் தின்பது என்பது அவற்றுக்கு இன்னும் விளங்கவில்லை.

பேர் வைத்தேன். ஒன்பதையும் அடையாளம் சொல்லித் தவமணியிடம் பேச வேண்டியிருக்கிறதே. நான் ஓடின தடத்தில் இருந்த ஸ்டாப்பிங் பெயர்கள்தான் உடனே வாயில் வந்தன. முன்னால் வருவது மோகனூர். கழுத்து மொட்டை சேந்தமங்கலம். உயரமானது காளப்பநாயக்கன்பட்டி. எல்லாம் தின்ற பிறகும் மூலையை விட்டு நகராமல் நிற்பது எருமப்பட்டி. தவமணி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து வெகு நாளாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

எருமப்பட்டிக்கு மட்டும் கையில் வைத்து ஊட்டினேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

ஜூன் 29, ஞாயிறு

தட்டுத் தண்ணீர் இன்னதென்று புரிந்துகொண்டன. அலகைப் பிடித்து ஒரு தடவை தண்ணீரில் முக்கிவிட்டால் போதும் என்று அந்தத் தீவன ஆள் சொல்லியனுப்பினாராம். முக்கினேன். ஒன்பது தடவை குனிந்தேன்.

அலமாரியில் துணி தேடும்போது என் பழைய விசில் கிடைத்தது. பண்ணையில் தீவன வண்டி உருளும் சத்தம் கேட்டால் எல்லாம் தலையை நீட்டுமாம். என்னிடம் வண்டி இல்லை. தொட்டியை வைத்துவிட்டு இரண்டு விசில் கொடுத்துப் பார்த்தேன். மோகனூர் மட்டும் தலையைத் தூக்கியது.

ஜூலை 6, ஞாயிறு

தவமணி மதியம் கடைவீதிக்குப் போயிருந்தாள். இரண்டு விசில் கொடுத்தேன். ஒன்பதும் ஓடி வந்தன. எருமப்பட்டி உட்பட. முருங்கை மரத்தடியிலிருந்து, சுவர் ஓரத்திலிருந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னாலிருந்து இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தன. தொட்டியைக் காலி செய்துவிட்டு மண்ணைக் கிளறின. பொழுது சாய்ந்ததும் தானாகக் கூட்டுக்குள் போய் ஏறி உட்கார்ந்தன. குனிய வேண்டிய வேலை இன்று இல்லை.

தவமணி திரும்பி வந்ததும், "தின்னுச்சுங்களா மாமா?" என்று கேட்டாள்.

"அப்படியொண்ணும் தின்னலே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மூட்டு வலி மாத்திரை போட்டிருந்தேன். அதனால் இருக்கலாம்.

ஜூலை 9, புதன்

மதியம் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு முட்டை. சேந்தமங்கலம் போட்டது. தொட்டால் சூடாக இருந்தது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. தவமணி வந்ததும் காட்டலாம் என்று கிண்ணத்தில் வைத்தேன்.

ஐந்தே முக்காலுக்கு எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன். முட்டை போட்ட கோழியைப் பார்த்து, பழகவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அரிசிக்குள் இருந்தால் உடையாது.

ஜூலை 10, வியாழன்

காலையில் தவமணி உலை வைத்தாள். "நான் அளந்து தர்றேன்" என்று ஆழாக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"நீங்களாங்க மாமா?"

"ஏன், எனக்கு அரிசி அளக்கத் தெரியாதா?"

ஒரு ஆழாக்கு அதிகமாக அளந்துவிட்டேன் போலிருக்கிறது, சோறு மீந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு வந்தாலே தொல்லை. அவள் நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாள். விடிந்ததும் அவள் எழுவதற்கு முன்னால் தீனி போட்டு வயிற்றை நிரப்பிவிட்டேன். எட்டு மணிக்கு அவள் தொட்டியை வைத்தபோது எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

"ஒரு மாசம் ஆச்சு. இன்னும் இப்படியே நிக்குதே" என்றாள்.

"பண்ணைக் கோழி அம்மிணி. லேசுல பழகாது."

இந்த அளவில் நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப். மாலை நாலு இருபதுக்கு டவுன் பஸ் வந்தது. ஆள் ஏறியதும் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். பின்கட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஒன்பதும் தலைதெறிக்க ஓடி வந்து தொட்டியைச் சுற்றி நின்றன. காலித் தொட்டியைக் கொத்தின. பிறகு என்னை அண்ணாந்து பார்த்தன.

தவமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"பஸ் சத்தத்துக்குப் பயப்படுது" என்றேன்.

"ஓ, அப்படீங்களா மாமா" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள்.

ஜூலை 17, வியாழன்

இன்று ஆடி ஒன்று. இனி ஒரு மாதத்துக்கு யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்கள். நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 18, வெள்ளி

மூன்று முட்டை.

ஜூலை 22, செவ்வாய்

தவமணி வேலையிலிருந்து வந்ததும் இப்போதெல்லாம் நேரே பின்கட்டுக்கு வந்துவிடுகிறாள். முன்பெல்லாம் சமைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மோகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இந்த இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சோறு, மாத்திரை, கரண்ட் இல்லை, இவ்வளவுதான். இப்போது கோழிகளுக்காக ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்கிறாள். பண்ணையில் யார் யாரோடு சண்டை, எந்த லாரி வரவில்லை என்றெல்லாம் சொல்கிறாள். நானும் பழைய டிரைவர்கள் கதையைச் சொல்கிறேன். ஒரு முழுச் சாயங்காலம் இப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

இன்று எருமப்பட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே, இரை தங்கும் இடத்தில், கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். நாலு மணிக்குத்தான் நான் வயிறு முட்டப் போட்டிருந்தேன். அங்கே கல் மாதிரி இருந்திருக்கும்.

"இது இன்னைக்கும் தின்னலீங்களா மாமா?"

"எருமப்பட்டியா? இல்லே. வாயே வெக்கலே."

"பாவம்" என்றாள். கோழியைத்தான் சொன்னாள்.

ஜூலை 25, வெள்ளி

டைரியைக் காட்டச் சொன்னாள், பண்ணை ஆளிடம் தீனிக் கணக்குக் கேட்க வேண்டுமாம். எங்கே வைத்தேன் என்று நினைவில்லை என்றேன். தலையணை உறைக்குள் இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

சம்பந்தியம்மா போன். தவமணி குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன்.

"அண்ணா, மாப்பிள்ள வீட்ல இனிப் பொறுக்க மாட்டாங்களாட்ட இருக்குது. ஆடிப் பதினெட்டுக்குள்ள ஒரு வார்த்த சொல்லலீன்னா வேற எடம் பாக்கறமுன்னுட்டாங்க. அந்தப் புள்ளைக்குத் தல சீவி உடவே ஆளில்லையாமா. தவமணிகிட்ட நீங்க சொல்றீங்களா?"

"சொல்றேனுங்க."

சொன்னேன். சொல்லாமல் விட நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. சோறு போடும்போது சொன்னேன்.

"கோழி இன்னும் பழகலீங்களே மாமா" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆமாம் என்பது போலத் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். ஆறு நாள்தான். ஆறு நாள் போனால் அந்தப் பேச்சு தானாக நின்றுவிடும். அவளாகத்தானே வேண்டாம் என்கிறாள், நானா தடுத்தேன்?

ரசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

அலுப்பாக இருக்கிறது. முட்டையைப் புதைத்து, அரிசியை அளந்து, விசிலை ஒளித்து, தீனியைத் திருட்டுத்தனமாகப் போட்டு. பதினாறு மணி நேர டூட்டியில் கூட இவ்வளவு அலுத்ததில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நான்கு முட்டை. டிரம்மில் கை விடும்போதே தட்டுப்படுகின்றன.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

கலந்த சாதம் செய்யப் போகிறேன் என்றாள். புளியும் எலுமிச்சம்பழமும் வாங்கி வரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாள். நாலு வகைச் சாதத்துக்கு அரிசி நிறைய வேண்டும் என்பது கடையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முழங்காலைப் பார்க்காமல் நடந்து வந்தேன்.

பின்கட்டில் வாளி நிறையத் தண்ணீர். பக்கத்தில் தவமணி குந்தி உட்கார்ந்திருந்தாள். வாளிக்குள் முட்டைகள். சில அடியில் படுத்திருந்தன, சில மேலே மிதந்தன.

"மெதக்கறது கெட்டதுங்க மாமா. அடியில கெடக்கறது நல்லது. அம்பத்தி ரெண்டுல முப்பத்தாறு தேறும்."

தினமும் பல்லாயிரம் முட்டைகளைப் பார்த்துப் பிரிப்பவள். அவளிடம் போய் நான் முட்டையை ஒளித்திருக்கிறேன். பையைக் கீழே வைத்தேன். வைத்த இடத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"விசிலுக்கு எல்லாம் ஓடி வந்துச்சே, அன்னைக்கே. அதுக்கும் முன்னால, நீங்க அரிசி அளந்து குடுத்தீங்க பாருங்க, அப்பவே. நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருசம். நீங்க டிரம்மு பக்கம் போயி நான் பாத்ததே இல்லீங்களே."

"அப்பறம் ஏன் கேக்கலே?"

மிதந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"கேட்டா பழகிருச்சுன்னு நீங்க சொல்லோணும். போறேன்னு நான் சொல்லோணும்."

மோகனூர் வந்து வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கோழி பழகறதுக்கா மாமா நான் காத்துட்டு இருந்தேன்? பதினஞ்சு இருவது நாள்ல பழகிருமுன்னு பண்ணையில சொல்லித்தான் குடுத்தாங்க. இந்தச் சம்பந்தம் வருதுன்னு அம்மா மே மாசமே போன்ல சொல்லிருச்சு. நான் போயிட்டா நீங்க யாருகிட்டப் பேசுவீங்க? யாரைத் திட்டுவீங்க? அதுக்குத்தான் இதுகளக் கொண்டாந்தேன். நீங்க பழகோணுமுன்னுதான் இத்தன நாளு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அறுபத்தாறு வயதில் மருமகள் முன்னால் அழுவதில் என்ன வெட்கம்? முட்டையை ஒளித்ததைவிடவா?

"நான் உன்னைப் போகவிடாம பண்ணிட்டேன் அம்மிணி" என்றேன்.

"நீங்க பொய் சொல்லச் சொல்ல எனக்கும் ஒரு நாள் கூடக் கெடச்சுதுங்க மாமா. எனக்கும் பயமுங்க. அந்தப் புள்ளைக்கு அம்மான்னு போயி நிக்கோணும். அது என்ன ஏத்துக்குமா, என்னமோ. அவர நெனச்சா இங்கயே இருந்தறலாமுன்னு இருக்குது. அந்தப் புள்ள போட்டோவப் பாத்தா போலாமுன்னு இருக்குது."

அவர் என்றது மோகனை. இந்த இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் மோகனைப் பற்றிப் பேசியது இன்றுதான். நானும் பேசினேன். ஒன்பது வயதில் என்னோடு பஸ்ஸில் வந்து, நான்தான் விசில் கொடுப்பேன் என்று அடம்பிடித்து, ஸ்டாப்பிங் இல்லாத இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தியதைச் சொன்னேன். சிரித்தாள், அழுதாள். சாதம் கிளற மறந்துவிட்டோம்.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். இனி உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கண்ணா."

"கோழி பழகிருச்சுங்க."

"என்னங்கண்ணா?"

"நல்லாப் பழகிருச்சுங்க. முட்டை கூடப் போடுது. ஆவணியில நாள் பாருங்க."

அந்தப் பக்கம் அந்தம்மா அழுவது கேட்டது. தவமணி வாளியைப் பார்த்தபடியே இருந்தாள். தேறிய முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் வைத்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்டபாணி வந்து போனார். அதிகம் பேசாத ஆள். கூட்டின் கதவு கோணலாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிச் சரி செய்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அதிலும் கொஞ்சம் எரிச்சல்தான்.

குழந்தை பெயர் யாழினி. தவமணி கிட்டே வராமல் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. தவமணியும் கூப்பிடவில்லை. தீனித் தொட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை தானாக வந்து, இந்தக் கோழிக்கு ஏன் கழுத்தில் முடி இல்லை என்று கேட்டது. இவளுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எருமப்பட்டி முதல் முட்டை போட்டது. தவமணி பண்ணைக்கே எடுத்துப் போய் எல்லோரிடமும் காட்டினாளாம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மோகனின் அறையை ஒழுங்கு செய்தாள். அவன் போட்டோவை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். ஒன்று நீ எடுத்துக்கொள், ஒன்று இங்கே இருக்கட்டும் என்றேன். மாத்திரைகளைக் காலை, மாலை என்று டப்பாவில் பிரித்து வைத்தாள். மிளகாய்ப்பொடி எங்கே, சீரகம் எங்கே என்று இரண்டு தடவை காட்டினாள். தெரியும் தெரியும் என்றேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை ஏழரைக்குள் பெருந்துறை முருகன் கோயிலில் தாலி கட்டு. முப்பது பேர் இருக்கும். நான் பின்னால் தூண் பக்கம் நின்றுகொண்டேன். சம்பந்தியம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய் முன்னால் நிறுத்தினார். அட்சதை போட்டேன். இருவரும் காலில் விழுந்தார்கள். நல்லா இரு அம்மிணி என்றேன்.

இருந்து நாளைக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். "கோழி அடைக்கோணும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தவமணி சிரிக்கவில்லை. பஸ் வரை வந்தாள்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஒன்பதும் தாமாகவே உள்ளே போய் உட்கார்ந்திருந்தன. கதவைச் சாத்தும் வேலை மட்டும்தான் எனக்கு.

ஆகஸ்ட் 30, சனி

முட்டை ஐந்து. பகல் முழுக்கப் படுத்தே கிடந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. நாலு இருபது பஸ் விசிலுக்குக் கோழிகள் ஓடி வந்து நின்றன. எழுந்து போய்த் தீனி போட்டேன்.

ஏழு மணிக்குத் தவமணி போன் செய்தாள்.

"கோழி தின்னுச்சுங்களா மாமா?"

"ஒம்பதும் தின்னுச்சு. எருமப்பட்டி ரெண்டு பங்கு."

"நீங்க?"

"அப்பவே ஆச்சு அம்மிணி."

"என்ன சாப்டீங்க?"

"சோறும் முட்டைப் பொரியலும்."

பின்னால் அந்தக் குழந்தை அவளை ஏதோ கேட்டது. நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

காலையிலிருந்து டீயைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. அவளிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்து, டிரம்மைத் திறந்து அரை ஆழாக்கு அரிசி அளந்து, கூடையிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து உடைத்து ஊற்றினேன்.